மலையில் பிழைத்து வயலில் இறங்கும் நோய்



நோய் பரவுகிறது என்றவுடன் நம் எண்ணம் மனிதருக்கு வரும் நோயின் மீதே செல்லும். ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவருக்கும் சளி பிடிக்கும் என்பதை முதல் வகுப்புப் பிள்ளையும் அறியும். 2020-ஆம் ஆண்டில் உலகமே முகத்தை மூடிக்கொண்டு நடந்ததை உங்கள் பெற்றோர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பயிருக்கும் காற்றின் வழியே நோய் வருகிறது. நாட்டின் தென்பகுதியில் ஒரு மலையிலிருந்து புறப்பட்ட நோய், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வயலில் போய் இறங்குகிறது. அந்த மலை நம் நீலகிரி. அந்த வயல் நருமதைக் கரையின் கோதுமை வயல். இக்கட்டுரையில் அந்தக் கதையையே முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன் சில அடிப்படைச் செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய ரொட்டித் துண்டின் மேலும், மழைக்காலத்தில் மூலையில் கிடக்கும் தோல் செருப்பின் மேலும் பூசணம் படர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைத் தட்டினால் புகைபோல ஒரு தூள் எழும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. பயிர்களைத் தாக்கும் நோய்களில் பெரும்பகுதி இத்தகைய பூசணங்களால் உண்டாவதே. கோதுமையைத் தாக்கும் துருப் பூசணத்தின் வித்து, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு நீளமே உடையது. முப்பது வித்துக்களை நீளவாக்கில் வரிசையாக அடுக்கினால்தான் உங்கள் அளவுகோலில் உள்ள மிகச் சிறிய கோட்டிடைவெளி நிரம்பும்.

இவ்வளவு சிறிய பொருள் எவ்வளவு மெதுவாகக் கீழே விழும்? அசைவற்ற காற்றில் இந்த வித்து வினாடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் உயரத்திற்குப் போய்விட்ட வித்து தரையைத் தொட ஒரு லட்சம் வினாடிகள், அதாவது சுமார் 28 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் வித்து 1,400 கிலோமீட்டர் பயணம் செய்துவிடும். உதகமண்டலத்திலிருந்து ஜபல்பூருக்கு நேர்க்கோட்டில் சுமார் 1,300 கிலோமீட்டர். உண்மைக் காற்று இவ்வளவு ஒழுங்காக வீசாது. மேலும் கீழுமாகச் சுழலும். ஆயினும் பயணம் நடக்கக்கூடியதே என்பது இக்கணக்கால் விளங்கும்.

வித்தை மேலே தூக்கிச் செல்வது யார்? வெயில்தான். காலையில் சூரியன் ஏற ஏறத் தரை சூடாகிறது; தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலெழுகிறது. இலையின் மேல் இருந்த பனிநீர் உலர்ந்ததும் துருக் கொப்புளத்தின் வித்துக்கள் உதிரத் தொடங்கும். நண்பகலில் மேலெழும் காற்றோடு அவையும் ஏறிவிடும். அமெரிக்காவில் ஸ்டேக்மன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 1921-ஆம் ஆண்டிலேயே விமானத்தில் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் கொண்டு சென்று, உயர வானத்தில் துருவித்துக்கள் மிதப்பதைக் காட்டினார்கள்.

மேலே சென்ற வித்துக்கள் எல்லாம் பிழைப்பதில்லை. சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிரும் வறண்ட காற்றும் அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். வானம் மூட்டமாக இருந்தால் அவற்றுக்கு நல்ல காலம்; மேகமே குடையாகிவிடுகிறது. பிறகு மழை. மழைத்துளி விழும்போது வழியில் உள்ள வித்துக்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு விழுகிறது. மழை நின்றபின் காற்று தெளிவாக இருப்பதை நாம் உணர்கிறோம் அல்லவா? காற்றில் இருந்தவை தரைக்கு வந்துவிட்டன என்பதே அதன் பொருள். நமக்குத் தூய காற்று, கோதுமைக்கு நோய்.

இலையின் மேல் விழுந்தால் மட்டும் போதாது. வித்து முளைக்க வேண்டும். முளைக்க நீர் வேண்டும். காற்றில் ஈரம் இருப்பது போதாது. இலையின் மேல் மெல்லிய நீர்ப்படலமே படிந்திருக்க வேண்டும். கோதுமைத் தண்டுத் துருவுக்கு 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் இலை நனைந்திருந்தால் போதும். வித்திலிருந்து நூல்போன்ற குழாய் ஒன்று புறப்பட்டு, இலைத்துளையைத் தேடி உள்ளே நுழைந்துவிடும். இரவு முழுவதும் பனி பெய்து, காலையிலும் அது உலராமல் இருப்பது நமக்கு அழகான காட்சி. வித்துக்கோ அதுவே வாசற்கதவு திறந்திருக்கும் நேரம்.

உள்ளே நுழைந்த பூசணம் ஏறத்தாழ பத்து நாளில் புதிய கொப்புளம் ஒன்றை உண்டாக்கும். ஒரு கொப்புளத்திலிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வித்துக்கள் வெளிவரும். அவற்றுள் பத்தே பத்து பிழைத்து நோய் உண்டாக்கின என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளில் ஒன்று பத்தாகும். இருபது நாளில் நூறு. அறுபது நாளில் பத்து லட்சம். விவசாயி முதல் கொப்புளத்தைக் கவனிப்பதே அரிது. அவர் கண்ணில் படும்போது நோய் பல தலைமுறை கடந்திருக்கும். வானிலையைப் பார்த்து நோயை முன்கூட்டியே அறிய வேண்டும் என்ற எண்ணம் ஏன் பிறந்தது என்பது இதிலிருந்து புரியும்.

இனி கோதுமைக் கதைக்கு வருவோம்.

நருமதைப் பள்ளத்தாக்கில் 1820-களின் கடைசி ஆண்டுகளில் துரு நோய் வந்து கோதுமையை அழித்ததை ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி 1844-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். பசுமையாக நின்ற பயிர் செம்மஞ்சள் தூள் பூசிக்கொண்டு சாவியாகிவிட்டது. காரணம் தெரியாத மக்கள் பலவிதப் பாவங்களின் மீதும் அரசினரின் செய்கைகள் மீதும் பழியைப் போட்டார்களாம். நூறாண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1946-47-ஆம் பருவத்தில் மத்திய இந்தியாவில் தண்டுத் துரு பரவியபோது ஏறக்குறைய இருபது லட்சம் டன் கோதுமை வீணானதாகக் கணக்கிடப்பட்டது. வங்கப் பஞ்சம் முடிந்து மூன்றாண்டுகள்கூட நிறைவடையாத நேரம் அது. நாடு பங்கீட்டுக் கடையை நம்பி வாழ்ந்த காலம். இருபது லட்சம் டன் என்றால் எத்தனை வீட்டு அடுப்பு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஆக்ரா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த கே. சி. மேத்தா கையில் எடுத்துக்கொண்டார். கேள்வி எளிதானதன்று. வட இந்தியச் சமவெளியில் கோதுமை ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்பட்டுப் பங்குனி, சித்திரையில் அறுவடையாகிறது. அதன்பின் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வயலில் பச்சைக் கோதுமை ஒன்றுகூட இருக்காது. துருப் பூசணமோ உயிருள்ள செடியின் மீது மட்டுமே வாழும். உதிர்ந்த வித்துக்களையும் அந்த வெயில் சுட்டுப் பொசுக்கிவிடும். அப்படியானால் அடுத்த ஆண்டு நோய் எங்கிருந்து முளைக்கிறது?

மேல்நாட்டுப் பாடநூல்கள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பார்பெரி என்ற முட்செடி இந்தப் பூசணத்துக்கு இரண்டாம் வீடாக உதவுகிறது. அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டு முதல் இச்செடியை வேரோடு ஒழிக்கும் இயக்கமே நடந்தது. நம் நாட்டிலும் இமயமலையில் பார்பெரி இனங்கள் உண்டு. நீலகிரியிலும் ஊசிக்களா என்று மலைமக்கள் சொல்லும் ஓர் இனம் வளர்கிறது. ஆகவே இங்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிட்டுப் பலர் திருப்தி அடைந்திருப்பார்கள். மேத்தா அப்படிச் செய்யவில்லை. மலை மலையாக ஏறிப் பார்த்தார். நம் நாட்டுக் கோதுமைத் துருவுக்கும் இங்குள்ள பார்பெரிக்கும் நடைமுறையில் தொடர்பு இல்லை என்று கண்டார். மேல்நாட்டு விடையை அப்படியே இறக்குமதி செய்யாமல் தம் நாட்டு வயலைப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவர் கண்ட விடை மலைகளில் இருந்தது. செடி மட்டும் வேறு. நீலகிரியிலும் பழனி மலையிலும் அக்காலத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பக்கத்தில் கோதுமை நின்றுகொண்டிருந்தது. ஒரு சரிவில் அறுவடை, மறு சரிவில் விதைப்பு. மலையின் குளிர்ச்சியில் துருவுக்குச் சாவே இல்லை. சமையல் முடிந்தபின் சாம்பலுக்குள் கங்கு மூடி வைப்பார்களே, அதுபோல நோய் அங்கே உயிரோடு காக்கப்பட்டது. சமவெளியில் மீண்டும் பயிர் வந்ததும் கங்கிலிருந்து பொறி பறந்தது. பல ஊர்களில் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, எந்த ஊரில் எப்போது வித்து வருகிறது என்று மேத்தா பதிவு செய்யச் சொன்னார். பல ஆண்டு உழைப்பின் பயனாக 1940-இல் அவருடைய ஆராய்ச்சி நூல் வெளிவந்தது. இமயமலையும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் வெப்பத்தை விரும்பும் தண்டுத் துருவுக்கு இமயத்தின் குளிர்காலம் ஒத்துவராது; தண்டுத் துருவின் முக்கியமான ஊற்று தெற்கு மலைகளே என்று பின்வந்த அறிஞர்கள் உறுதிசெய்தார்கள். குளிரை விரும்பும் மஞ்சள் துரு வடக்கிலிருந்து இறங்குகிறது. பழுப்புத் துருவுக்கு இரு பக்கமும் வழி உண்டு.

இங்கே கூர்மையான மாணவி ஒருத்தி கையை உயர்த்த வேண்டும். “கார்த்திகையில் நமக்கு வீசுவது வடகிழக்குப் பருவக்காற்று அல்லவா? வடக்கிலிருந்து வரும் காற்று தெற்கிலுள்ள வித்தை வடக்கே எப்படிக் கொண்டுபோகும்?”

மிக நல்ல கேள்வி. இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். நாகராஜன். 1970-களில் செயற்கைக்கோள்கள் மேகங்களைப் படமெடுத்து அனுப்பத் தொடங்கியிருந்தன. அவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அந்தப் படங்களையும் வானிலை வரைபடங்களையும் துரு தோன்றிய தேதிகளோடு வைத்து ஒப்பிட்டார்கள். நவம்பர் மாதத்தில் கடலில் புயலோ காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ உருவாகி, உள்நாட்டில் நுழைந்து, மத்திய இந்தியாவில் வலுவிழக்கும் ஆண்டுகளில்தான் வழி திறக்கிறது என்று கண்டார்கள். பூமியின் வடபாதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஒரு தாளில் வட்டம் வரைந்து அம்புக்குறி போட்டுப் பாருங்கள். புயலின் கிழக்குப் பக்கத்தில் காற்று தெற்கிலிருந்து வடக்காக வீசுவது தெரியும். இதற்கு மாறாக உயரழுத்தப் பகுதியைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளைப் போலச் சுற்றும். அதன் மேற்குப் பக்கத்தில் தென்காற்று. தீபகற்பத்தின் மேல் ஒரு நிலையான உயரழுத்தமும் நிற்க வேண்டும், வடமேற்கிலிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுக் கலக்கத்தின் தாழ்வுப் பகுதியும் தெற்கே வெகுதூரம் நீள வேண்டும். இவை எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவந்தால், நீலகிரிக் காற்று நருமதைக்குப் போகும். அங்கே வலுவிழந்த புயலின் மழை காத்திருக்கும். வித்து மழையோடு வயலில் இறங்கும். நனைந்த இலையும் தயாராக இருக்கும். 1975-இல் வெளிவந்த இக்கண்டுபிடிப்பை “இந்தியத் தண்டுத் துரு விதிகள்” என்று பயிர்நோய் அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள்.

எல்லா ஆண்டும் இந்த மூன்றும் கூடுவதில்லை. அதனால்தான் எல்லா ஆண்டும் நோய் வருவதில்லை. முன்னோர் விதி என்று சொன்னதற்குள் ஒளிந்திருந்தது இந்த வானிலைக் கூட்டுதான். நமக்குப் புயல் என்றால் பள்ளி விடுமுறை என்றுதான் முதலில் தோன்றும். அதே புயலை ஒருவர் கோதுமையின் கண் கொண்டு பார்த்திருக்கிறார்!

ஊற்று எங்கே என்று தெரிந்ததும் அதை அடைக்கும் வழியும் தெரிந்தது. நீலகிரி வெலிங்டனில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையம் இந்தப் பணிக்கு உதவியது. துரு எப்போதும் இருக்கும் இடம் என்பதால், எந்த இரகம் நோயைத் தாங்கும் என்று சோதிக்க அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. நோய் தாங்கும் இரகங்கள் மலையிலும் சமவெளியிலும் பரவின. மலையில் தேயிலையும் காய்கறியும் பெருகியதால் கோதுமைப் பரப்பே சுருங்கியது. கங்கு பெருமளவு தணிந்தது. அணைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். உகாண்டா நாட்டில் 1990-களின் இறுதியில் தண்டுத் துருவின் ஒரு புதிய வகை தோன்றிப் பழைய பாதுகாப்பை உடைத்தது. அது கென்யா, எத்தியோப்பியா, ஏமன் என்று காற்றோடு கடந்து 2007-இல் ஈரானில் காணப்பட்டது. பசுமைப் புரட்சியின் தந்தை நார்மன் போர்லாக் தம் தொண்ணூறாம் வயதுக்குப் பின்னும் இதைப் பற்றி உலகை எச்சரித்துக்கொண்டிருந்தார்.

தமிழ் மக்களின் வாழ்க்கையையே மாற்றிய இன்னொரு துரு உண்டு. அது காப்பித் துரு.

இலங்கை மலைநாடு இன்று தேயிலைக்குப் பெயர் பெற்றது. ஆனால் 1870-களில் அங்கே இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பித் தோட்டமே இருந்தது. இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து தமிழர்கள் காப்பி பறிக்கும் பருவத்தில் நடந்தும் படகேறியும் சென்று, பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்புவார்கள். 1869-இல் காப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி தோன்றியது. நோயைக் கண்டறிய 1880-இல் மார்ஷல் வார்டு என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26. இரண்டு ஆண்டுகள் தோட்டம் தோட்டமாக அலைந்து, பசைக் கண்ணாடியில் வித்துக்களைப் பிடித்து, வித்து காற்றில் வருகிறது, இலை நனைந்திருந்தால் முளைக்கிறது, அடிப்பக்கத்து இலைத்துளை வழியே நுழைகிறது என்று நிறுவினார். காடு முழுவதையும் வெட்டி, சரிவுக்குச் சரிவு ஒரே பயிரை வைத்திருந்தார்கள். காற்றைத் தடுக்க மரம் இல்லை. இரண்டு பருவமழைகளும் இலையை நனைத்துக்கொண்டே இருந்தன. வார்டு காரணத்தைக் கண்டார். ஆனால் தோட்டத்தைக் காப்பாற்றக் காலம் கடந்துவிட்டது.

காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. இங்கேதான் பாடநூல்கள் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் தேவை. தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். அதற்குப் பெண்களின் கைகளையே தோட்டக்காரர்கள் மிகுதியாகத் தேடினார்கள். போய்வந்துகொண்டிருந்த ஆண்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கினார்கள். மலையகத் தமிழர் என்ற ஒரு சமூகம் அங்கே வேரூன்றியதற்குப் பல காரணங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூசண வித்தும் அவற்றுள் ஒன்று.

அயர்லாந்து நாட்டில் 1845-இல் வந்த உருளைக்கிழங்கு நோயும் பஞ்சமும் வரலாற்று வகுப்பில் நீங்கள் படிப்பதே. பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதைவிட மிகுதியானோர் கப்பலேறினார்கள். மழையும் மூட்டமுமான அந்தக் கோடையில் நனைந்த கிழங்கு தானாக அழுகிவிட்டது என்றே பெரும்பாலோர் நம்பினர். இங்கிலாந்துக் கிராமத்துக் குரு மைல்ஸ் பெர்க்லி மட்டும் 1846-இல், ஈரம் காரணமன்று, பூசணமே காரணம். ஈரம் அதற்குத் துணை என்று துணிந்து எழுதினார். காப்பித் துருவுக்குப் பின்னாளில் அறிவியற்பெயர் சூட்டியவரும் அவரே. நம் நீலகிரி, கொடைக்கானல் விவசாயிகள் பின்கருகல் நோய் என்று சொல்வது இதே நோயைத்தான். குறைந்த வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமலும், காற்று பல மணி நேரம் நீராவியால் நிறைந்தும் இருந்தால் நோய் வரும் என்று கணக்கிட்டு, ஐரோப்பிய நாடுகள் சென்ற நூற்றாண்டிலேயே வானிலை நிலையங்கள் மூலம் விவசாயிகளுக்கு எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கின.

நம் வீட்டு வயலுக்கு வருவோம். நெல்லுக்கு வரும் குலை நோயைக் காவிரிப் பாசனப் பகுதிப் பெற்றோர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இலையில் இரு முனையும் கூர்ந்து, நடு சாம்பல் நிறமும் ஓரம் பழுப்பு நிறமுமாகக் கண்போன்ற புள்ளி தோன்றும். அதுவே கதிரின் கழுத்தைப் பிடித்தால் கழுத்து கறுத்து ஒடிந்து, கதிர் வெளுத்துப் பதராகிவிடும். தஞ்சைப் பகுதியில் 1919-ஆம் ஆண்டிலேயே இது பெரும் நாசம் விளைவித்திருக்கிறது.

கோதுமைத் துரு நண்பகலில் பறக்கிறது என்றேன். குலை நோய்ப் பூசணம் இதற்கு நேர்மாறு. அது நள்ளிரவுக்குப் பின் விடியலுக்கு முன் உள்ள நேரத்தில் வித்துக்களை மிகுதியாக வெளியிடுகிறது. அப்போதுதான் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், இலை நனைந்திருக்கும். ஆகவே இதன் வித்துக்கள் தொலைதூரம் போவதைவிடப் பக்கத்து வயலில் இறங்குவதே மிகுதி. இலைத்துளையையும் இது தேடுவதில்லை. முளைத்த வித்து ஒரு சிறு குமிழை உண்டாக்கி, அதனுள் நீரை இழுத்து அழுத்தத்தைப் பெருக்குகிறது. கார் சக்கரத்தில் அடைத்த காற்றைவிட ஏறக்குறைய 40 மடங்கு அழுத்தம்! அந்த வேகத்தில் ஓர் ஊசியை இலையின் தோலுக்குள் செலுத்திவிடுகிறது. இதற்கு இலை பத்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் உலராமல் இருந்தால் போதும்.

எனவே கார்த்திகை முதல் தை வரை இவற்றைக் கவனியுங்கள்: இரவில் நல்ல குளிர், காலை ஒன்பது மணியானாலும் உலராத பனி, பகலில் மூட்டம், அவ்வப்போது தூறல். பெருமழையைவிடத் தூறலே இந்நோய்க்கு உகந்தது. ஏனெனில் பெருமழை வித்துக்களை அடித்துக் கழுவிவிடும். இப்படி ஒரு வாரம் நீடித்தால், அதுவும் வெள்ளைப் பொன்னி போன்ற நோய்க்கு இடங்கொடுக்கும் இரகம் வயலில் நின்றால், அப்பாவிடம் சொல்லி வயலை நாள்தோறும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வாரத்தில் யூரியா போடுவதை நிறுத்திவைப்பது முதல் வேலை. தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகும், பயிர் அடர்ந்து வளரும், அடர்ந்த பயிருக்குள் பனி சீக்கிரம் உலராது. கரும்பச்சையாகத் தழைத்த வயலைப் பார்த்து ஊரார் புகழ்வார்கள். குலை நோயும் அதையே முதலில் தேடி வரும். வரப்புப் புல்லிலும் இந்தப் பூசணம் தங்குவதால் வரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். மருந்து அடிப்பதிலும் காலம் உண்டு. கழுத்து கறுத்தபின் அடிக்கும் பூசணக்கொல்லியால் அந்தக் கதிர் திரும்பாது. கதிர் வெளிவரும் தறுவாயில் அடித்தாலே பயன். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட வேளாண்மை அலுவலரிடம் கேட்பதே நன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்டந்தோறும் வெளியிடும் வேளாண் வானிலை அறிக்கை கைபேசியிலேயே கிடைக்கிறது. அதில் மழையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம்; காலை ஈரப்பதமும் இரவு வெப்பமும் அதே பக்கத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. வானம் தெளிந்து வெயில் அடிக்கப் போகிறது என்று அறிக்கை சொன்னால், ஒரு தெளிப்புச் செலவை மிச்சம் பிடிக்கவும் அதே எண்கள் உதவும்.

உயர்நிலை வகுப்பு மாணவியர் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். நுண்ணோக்கிக்குப் பயன்படும் கண்ணாடித் தகடுகள் நான்கில் வாசலைன் மெல்லியதாகத் தடவுங்கள். ஒன்றைக் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரையும், மற்றொன்றை இரவு முழுவதும் மாடியில் திறந்தவெளியில் வையுங்கள். மூன்றாவதை வயல் வரப்பில் ஒரு குச்சியில் கட்டி வையுங்கள். நான்காவதை நல்ல மழை நின்றபின் வையுங்கள். பிறகு ஆசிரியையின் உதவியோடு நுண்ணோக்கியில் பாருங்கள். உருண்டையான மகரந்தத் துகள்கள், கதைபோல் தடித்துக் குறுக்குக் கோடு போட்ட பழுப்பு வித்துக்கள், தூசி எல்லாம் கலந்து தெரியும். நெல் வயல் அருகே, பேரிக்காய் வடிவில் இரண்டு குறுக்குச் சுவர்களோடு மூன்று அறைகள் கொண்ட நிறமற்ற வித்து தென்பட்டால், அது குலை நோய்ப் பூசணமாக இருக்கக்கூடும். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் தேதி, நேரம், வெயிலா மூட்டமா, காலையில் பனி எத்தனை மணிக்கு உலர்ந்தது என்பவற்றை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்தச் சீட்டு இல்லாத தகடு வெறும் கண்ணாடித் துண்டுதான்.